கரைக்கோட்டைக் காவல்காரன்

“அண்ணாச்சி, அந்தக் காவல்காரன் வேசம் எனக்கு வேண்டாம். வேற ஆளைப் போடுங்க.”

ஆரியசாலையில் தன் மளிகை மண்டியைப் பூட்டிக்கொண்டிருந்த ஆறுமுகசாமி திரும்பிப் பார்க்கவில்லை. பித்தளைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகினார். மனைவி கேட்டாலும் கொடுக்காத சாவி அது.

“நாளைக்கு நாடகம். இன்னைக்கு வந்து சொல்லுதியே தாசையா! என்னடே ஆச்சு?”

“ஒத்திகை பாத்த பிள்ளைக எம்மவ ரெம்யாவைப் பள்ளிக்கூடத்துல ‘ஒற்றுகாரன்டெ மோளே’ன்னு விளிக்கிதுகளாம். காட்டிக்கொடுத்தவன் மவளாம். மூணு நாளா எங்கிட்ட பேசல்ல அண்ணாச்சி.”

நூறு கிலோ மூட்டையை அனாயாசமாகத் தூக்கும் தாசையன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வியாபாரிகள் சங்க ஆண்டுவிழா நாடகத்தை எழுதியவரே ஆறுமுகசாமிதான். கும்பெனிப் படை கரைக்கோட்டையை நாற்பது நாள் முற்றுகையிடுகிறது. கடைசியில் உள்ளே இருக்கும் காவல்காரனே கதவைத் திறந்துவிட, கோட்டை விழுகிறது.

“கதவைத் திறக்காத மாதிரி மாத்தி எழுதப்பிடாதா?”

“நடந்ததை மாத்த நீ ஆரு, நான் ஆரு? சரித்திரம்டே!” என்று எரிந்து விழுந்தவர், நாலடி நடந்து நின்றார். “பிள்ளை நாடகத்துக்கு வருவாளா?”

“கூட்டுகாரிகளோட முன்வரிசையில இருப்பா. அதாக்கும் எனக்குப் பயம்.”

“சரி சரி, நேரத்துக்கு வந்து சேரு. வாக்குக் கொடுத்திருக்கே, மறந்திராதே.”

மறுநாள் மாலை கிழக்கேகோட்டை மண்டபம் நிரம்பி வழிந்தது. கடைசிக் காட்சி. மேடை நடுவே ஒட்டுப்பலகையில் செய்த கோட்டைக் கதவு. அதற்குப் பின்னால் இருட்டில் துரை வேடத்தில் ஜெபசிங்கும் அவருடைய படையும்.

தாசையன் முன்வரிசையைப் பார்த்தான். ரெம்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் கொடுத்த வாக்கு இருக்கிறதே. தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தான்.

வரவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தான். வெளியே படை முட்டித் தள்ளியது. கதவு அசைந்து கொடுக்கவில்லை. பார்த்தவர்களுக்கோ, அவன் ஒற்றை ஆளாகக் கதவைத் தாங்கிப் பிடித்து நிற்பதாகவே தெரிந்தது. விசில் பறந்தது.

காத்திருந்து அலுத்துப்போன ஜெபசிங், “பலே காவல்காரன்! படையே, திரும்பு!” என்று கத்திவிட்டு நடையைக் கட்டினார்.

“என்டெ அப்பாவாக்கும் அது!” ரெம்யா நாற்காலிமேல் ஏறிக் கூவினாள்.

திரை விழுந்ததும் ஆறுமுகசாமி குதித்தார்.

“சரித்திரத்தையே கவுத்துப்போட்டியேடே! இருநூறு வருசத்துக்கு முந்தி விழுந்த கோட்டை, இன்னைக்கு விழாம நிக்குது!”

“சத்தியமா நான் திறக்கத்தான் பாத்தேன் அண்ணாச்சி...”

“வாயை மூடுடே, பிள்ளை வாறா.”

ரெம்யா ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தபடியே, என்னதான் ஆயிற்று என்று தாசையன் கதவின் பின்பக்கம் போய்ப் பார்த்தான்.

கீழே, இரு கதவுகளின் வளையங்களையும் சேர்த்துப் பிடித்தபடி, ஆரியசாலை மண்டியின் பித்தளைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.