மாமனார் ஊற்றிய சோஜு

"நடக்க முடியாதுன்னு சொன்ன, சரி. மரியாதை தெரிஞ்ச பையனான்னு நான்தான் பாக்கணும்," என்று மகள் நாரேயின் காதில் கிசுகிசுத்தார் பியோ. கிசுகிசுத்ததாக அவருக்கு நினைப்பு. உணவகத்தில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

எதிரே சக்கர நாற்காலியில் கியுவொன். முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இன்று அப்பா தலையாட்டினால் வசந்தத்தில் கல்யாணம். இல்லையென்றால் இல்லைதான், அவரை மீற நாரேக்கு மனம் வராது.

அவனுக்கு ஊற்ற, கொரிய மதுவான சோஜு பாட்டிலை எடுத்தார் பியோ. உடனே கியுவொன் நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி, உடம்பை அப்படியே மேலே தூக்கினான். அந்தரத்தில் ஒரு கணம் நின்றான். பிறகு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கிக்கொண்டான்.

பியோ வாயைப் பிளந்தார். "உக்காருப்பா, உக்காரு! எனக்காக எதுக்கு இந்தச் சிரமம்?"

அடுத்த கோப்பைக்கும் அதே கதைதான். அதற்கடுத்ததற்கு மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எனக்கும் ரெண்டு தடிப்பசங்க இருக்கானுங்க. கால் கல்லு மாதிரி இருக்கு. நான் வந்தா போன்லேர்ந்து தலையைக்கூடத் தூக்க மாட்டானுங்க. நாரே, கல்யாணத்துக்குத் தேதி பாரும்மா!"

நாரேயால் சந்தோஷப்பட முடியவில்லை. உள்ளுக்குள் அரித்தது. மறுவாழ்வு மருத்துவமனையில் அவள் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்தே இருந்தால் புண் வரும் என்று சக்கர நாற்காலிக்காரர்கள் எல்லோரும் அவ்வப்போது இப்படித்தான் எழும்புவார்கள். பாவம், அப்பா ஏமாந்துபோனார்.

அவர் டாக்சி பிடிக்கப் போனதும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"புண் வரக் கூடாதுன்னு நீ எழும்புற. அதை அவர் மரியாதைன்னு நினைச்சு உருகிட்டாரு. நான் உண்மையைச் சொல்லிடப்போறேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்!"

கியுவொன் வலித்த தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான்.

"அப்படித் தூக்கினா தோள் போயிடும்னு டாக்டர் என்னைக்கோ நிறுத்தச் சொல்லிட்டாரு. நான் அடிக்கடி முன்னாடி குனியுறப்ப, 'ஷூவைத் தேடுறியா'ன்னு கேலி பண்ணுவியே, அதுதான் புண் வராம இருக்க. இன்னைக்கு எழும்பினது... பெரியவர் ஊத்தும்போது உக்காந்துகிட்டேவா வாங்குறது?"