பத்தடிக்குள்

பாருங்கள். பட்டப்பகலில், ஊர் நடுவே, ஒரு மனிதர் தம் செருப்பைக் கையில் ஏந்தி நடக்கிறார்.

கல்லும் முள்ளும் கிடக்கும் பாதையில் அணிந்து வந்த செருப்பு. சிமெண்டுச் சாலை போட்ட மேலத்தெரு தொடங்கியதும் கழற்றிவிட்டார். அவர் சாதியில் பிறந்தவர்களுக்கு அங்கே அதுதான் சட்டம்.

தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் கேமராவோடு நின்று ஒரு பெண் பார்க்கிறாள்.

நடப்பவர் அவளுடைய அப்பா.

முகமும் கைச்செருப்பும் ஒரே படத்தில் தெரியவேண்டும்; இல்லையேல் அவள் கொடுத்த தீண்டாமைப் புகார் நிற்காது. விசாரணை அதிகாரி அப்படித்தான் சொன்னார். நாளை மீண்டும் வருகிறார். அருகில் போனால் விரட்டுவார்கள் என்றுதான் தொட்டிமேல் ஏறினாள்.

லென்சின் வளையத்தைத் திருகினாள். அப்பா கொஞ்சம் நெருங்கினார். இன்னும் திருகினாள்.

வளையம் நின்றுவிட்டது.

கேமராவோடு சேர்த்து விற்கும் லென்ஸ். கல்யாண வீடுகளில் அவளுக்குச் சோறு போடும் லென்ஸ். தூரத்துக்கு எட்டுவது வேண்டுமென்று கேட்டபோது நகரத்துக் கடைக்காரர் சிரித்தார்.

"அதெல்லாம் ஆயிரத்துல ஒருத்தர் கேக்குறதும்மா. கல்யாணம், காதுகுத்து, பொறந்தநாளு... ஊரே பத்தடிக்குள்ள நின்னுதான படம் எடுக்குது? கம்பெனிக்காரன் ஊருக்குத்தான் செய்வான்."

உண்மைதான். உலகம் எதைக் காண விரும்புகிறதோ, அதற்கே லென்சுக் கண்ணாடி தேய்க்கிறார்கள்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். அப்பாவுக்கு முகமில்லை. கையில் ஒரு கறுப்புப் புள்ளி.

பையாக இருக்கலாம். காக்கையாகக்கூட இருக்கலாம்.

இறங்கி ஓடினாள்.

மேலத்தெருவுக்குள், அப்பாவின் எதிரே, பத்தடியில் நின்று கேமராவைத் தூக்கினாள். பெரிய வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அவர் பதறவில்லை. விரட்டவில்லை. முகம் மலர்ந்தார்.

"எலேய் வெள்ளையா, செருப்பக் கால்ல போடுறா. ஒம்மக படம் புடிக்குதுல்ல? சிரிடா."

அப்பா குனிந்தார். போட்டுக்கொண்டார்.

சிரித்தார்.

பெரிய வீட்டுக்காரர் எழுந்து வந்து அவர் தோளில் கைபோட்டார். அந்தக் கை அதற்குமுன் அந்தத் தோளைத் தொட்டதே இல்லை.

அவள் விரல் அழுத்திவிட்டது.

கல்யாண வீடுகளில் பழகிய விரல். சிரிப்பைக் கண்டால் யாரையும் கேட்காது.

மறுநாள் கேமராவை வாங்கி அதிகாரியே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தொட்டிமேலிருந்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த படத்தில் எல்லாம் தெரிந்தது. செருப்பின் வார் தெரிந்தது. அப்பாவின் உடைந்த பல் தெரிந்தது.

"என்னம்மா இது? செருப்போடதான நிக்கிறாரு. தோள்ல கை வேற."

புகார் முடிந்தது.

அன்று மாலை, மேலத்தெரு தொடங்குமிடத்தில், அப்பா குனிந்தார்.

அவள் கேமராவை எடுக்கவில்லை.

படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவோரே, அந்தப் பெருமூச்சு யாருக்கு வேண்டும்? ஒரு பெண் அருகில் போய் நின்றாள். நின்ற அந்த ஒரு நொடி, செருப்பு காலில் இருந்தது. பொய்க்காகவேனும் இருந்தது.

தொட்டியைவிட்டு இறங்குங்கள். அந்தத் தெருவுக்கு வாருங்கள். நாளைக்கும் வாருங்கள், மறுநாளும் வாருங்கள். கேமரா வேண்டாம்.

பத்தடிக்குள் நில்லுங்கள். அவர் தெருவைக் கடக்கும்வரை நகராதீர்கள்.