அடிக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வளை

ஓடு கழற்றப்போகிற நண்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது ஓடு இறுகும்வரை உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது வளையைத் தோண்டினால் அதோடு சரி.

கடற்கரை மேட்டில் ஒரு அடிக்கல் நின்றது. உப்புக்காற்றில் அதன் எழுத்தெல்லாம் பாதி உதிர்ந்திருந்தது.

"இங்கே வளை போடலாமா அண்ணே?" என்று கல்லைக் கேட்டது நண்டு.

"போடாதே தாயி! கடல் பார்க்க வர்ற சனத்துக்குக் குளியலறை, கக்கூஸ் எல்லாம் இங்கேதான் வரப்போகுது. அரசாங்கம் பணம் ஒதுக்கியாச்சு. நாளைக்கே கடப்பாரை இறங்கும்."

நண்டு பயந்து ஓடி அலையோரம் தோண்டியது. அலை வந்து மூடியது. படகடியில் தோண்டியது; படகைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகில் ஓடு வேறு விரியத் தொடங்கிவிட்டது.

பதறியடித்துத் திரும்பி வந்தால், மேட்டில் பந்தலும் மேளமும். பழைய கல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கல்லை நட்டுவிட்டுக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"நீ எதுக்குப்பா வந்தே?" என்று புதுக்கல்லைக் கேட்டது நண்டு.

"அதே கக்கூஸுக்குத்தான். இது புதுசா ஒதுக்கின பணம்," என்றது புதுக்கல் மிடுக்காக. "தள்ளிப் போ, நாளைக்கே கடப்பாரை இறங்கும்."

நண்டு இரண்டு கல்லையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு இரண்டுக்கும் நடுவில் நிதானமாகத் தோண்ட ஆரம்பித்தது.

"அடியே, சொன்னது காதுல விழலையா?" என்று இரண்டும் கத்தின.

"விழுந்துச்சு அண்ணே. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்துச்சு," என்று உள்ளே இறங்கி, ஓட்டைக் கழற்ற உட்கார்ந்தது நண்டு.