நடுவில் ஒரு எக்ஸ்

"வனிதான்னு எழுதுங்க தங்கச்சி. நடுவுல மட்டும் ஒரு எக்ஸ் போட்டுருங்க."

திலகம் பேனாவை நிறுத்தினாள். கோலா சிலாங்கூர் பதிவு ஆபீசில் பிறப்புப் பத்திரம் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து எத்தனையோ கூத்தைப் பார்த்தவள்தான். ஆனாலும் வனிதாவுக்குள் எக்ஸ் எப்படிப் புகும்?

எதிரே நின்ற சேதுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். கேட்பதற்கு முன்பே கதையைக் கொட்டிவிட்டான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியிடம் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எழுதி வாங்கினார்களாம். புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து, இந்தப் பெயரோடு கொஞ்சமும் ஒட்டாத எழுத்து எது என்று தேடிப் பிடித்தார்களாம்.

இதற்கு இத்தனை சந்தோஷமா என்று திலகத்துக்குச் சிரிப்பு வந்தது.

பச்சை உடம்புக்காரி கங்கா வீட்டில் இருக்க மாட்டேன் என்று கூடவே வந்துவிட்டாள். பின்னால் பெஞ்சியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எழுதுகிற கையையே எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்திலும் அதே சிரிப்பு.

திலகத்துக்கு மனம் கேட்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன பாடு படும்? வாத்தியார் வாசிக்கத் திணறுவார், வகுப்பே சிரிக்கும்.

"அழகான பேருண்ணே. எக்ஸ் போட்டா கெட்டுப் போயிரும் லா."

"கெடட்டும் தங்கச்சி, அதுதான் வேணும்." சேது குனிந்து குரலைத் தாழ்த்தினான். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "முன்ன மூணு புள்ளைக்கும் ஒரு குறையில்லாம அழகாத்தான் எழுதுனோம். ஒண்ணும் தங்கல."

திலகம் அவனைத் தாண்டிப் பெஞ்சியைப் பார்த்தாள். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் கன்னத்தில், ஐம்பது காசு அகலத்துக்கு, கறுப்பாக ஒரு மைப்பொட்டு.

பேனாவை மறுபடி தாளில் வைத்தாள்.

கங்கா எழுந்து மேசையருகே வந்துவிட்டாள். மூவரும் பார்த்திருக்க எக்ஸ் விழுந்தது. கோடு மெலிசாகத் தெரிந்தது. திலகம் அதன் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி எழுதினாள்.

பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"ஒண்ணு போதுமாண்ணே?"