துருப்பிடித்த பூட்டு

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ஓடுபாதை இருந்ததாம். ராஜா ராணி யாரும் கிடையாது. விமானப்படைக்காரர்களும் அவர்கள் குடும்பங்களும்தான். தலைக்கு மேல் விமானம் போனால் பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சண்டையும் அப்படித்தான். இப்போது அந்த ஓடுபாதையில் புல் மண்டிக் கிடக்கும்.

அங்கே 'இரவல் ரூம்' என்று ஒன்று. மாற்றலாகி வருகிறவர்களின் சாமான் லாரி வந்து சேரும்வரை குக்கர், தட்டு, தலையணை எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளலாம். லாரி வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குக்கர் கைப்பிடியில் எந்த வீட்டு நூலோ சுற்றியிருக்கும். தட்டின் அடியில் எந்தக் குழந்தையோ ஆணியால் கீறிய பூனை இருக்கும்.

அதைப் பார்த்துக்கொண்டவளுக்குப் பூட்டு அக்கா என்று பெயர். மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே அட்டைகூடப் பிரிக்காத புதுப் பாத்திரங்கள், வெளியே முஷ்டி பெரிசுக்கு ஒரு பூட்டு. அதனால் வந்த பெயர்.

ஒருநாள் காலை, புதிதாக வந்த மெக்கானிக்கின் இளம் மனைவி சண்டைக்கு நின்றாள்.

"என்னக்கா குக்கர் இது? மூடி ஒரு பக்கம் போகுது, பாத்திரம் ஒரு பக்கம் போகுது!"

"எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்ட குக்கர்மா. பக்கத்துல ஒரு தட்டு தட்டினா மூடிக்கும்."

"தட்டு நாலும் நாலு தினுசு. நாளைக்கு என் மாமியார் மாமனார் வர்றாங்கக்கா. எங்க கல்யாணத்துக்கே வராதவங்க."

"அட, நல்ல சேதிதானே!"

"நெளிஞ்ச தட்டுல சாப்பாடு போட்டா நல்ல சேதியா? 'எங்க புள்ளை இந்த லட்சணத்துலயா இருக்கான்'னு வந்த வழியே கிளம்பிடுவாங்க. அலமாரில இருக்கறதைக் குடுங்க. ரெண்டே நாள். கண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

"அதை மட்டும் கேக்காதம்மா."

"ஏன், கமாண்டர் வீட்டம்மாவுக்கா?"

"அவங்களும் ஒரு தடவை கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன்."

"அப்ப உங்க பொண்ணு கல்யாணத்துக்குச் சேத்து வைக்கறீங்க. நான் சொல்லலை, வெளிய பேசிக்கறாங்க."

"எனக்கேதும்மா பொண்ணு? ரெண்டும் தடிப்பசங்க."

"அப்புறம் யாருக்குத்தான்? பூட்டைப் பாருங்க, துருப்பிடிச்சுக் கிடக்கு."

"பிடிக்கட்டும். நல்லாப் பிடிக்கட்டும்."

இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று பல்லைக் கடித்தாள் மெக்கானிக் மனைவி.

அந்த நேரம் பார்த்து இன்னொருத்தி உள்ளே வந்தாள். இவள் வயதுதான் இருக்கும். ஒரு கையில் வீட்டுச் சாவி, இன்னொரு கையில் பை நிறையப் பாத்திரம். வெளியே ஜீப் நின்றது.

துணைக்கு ஆள் கிடைத்த வேகத்தில் இவள் கேட்டாள், "உங்களுக்கும் ஓட்டை உடைசல்தானா?"

வந்தவள் லேசாகச் சிரித்தாள். "எங்க குக்கரும் தட்டினாத்தான் மூடும். அவர் அதைத் தபேலாம்பார். தாளம் போட்டுக்கிட்டேதான் மூடுவார்."

"உங்க லாரி வந்துடுச்சாக்கும்?"

"எங்களுக்கு லாரியே இல்லை. கல்யாணமான கையோட இங்க வந்தோம். எல்லாமே இரவல்தான். வாங்கிக்கலாம், வாங்கிக்கலாம்னே சொல்லிக்கிட்டிருந்தார்."

"ஓ, மாத்தலா? எந்த ஊரு?"

"அம்மா வீட்டுக்கு."

தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள். வந்தவள் ஜன்னல் வழியே அது மறையும்வரை பார்த்தாள்.

சத்தம் அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"போன மாசம் அவர் போன விமானம் திரும்பலை. அதான் குவார்ட்டர்ஸைக் காலி பண்றேன்."

மெக்கானிக் மனைவி கையிலிருந்த நெளிந்த தட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

பூட்டு அக்கா பைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். பூட்டில் விட்டாள். முரண்டு பிடித்த சாவியை இரண்டு கையாலும் நெட்டித் திருப்பினாள்.

கதவு திறந்தது.

குக்கர், தட்டு, டம்ளர், கரண்டி... ஒன்று விடாமல் எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிற்றால் கட்டினாள்.

"எப்பக்கா திருப்பித் தரணும்?"

"தர வேண்டாம். இது உன்னோடது. ஒரு வேலை வெட்டின்னு கிடைச்சுத் தனியாக் குடித்தனம் வைப்பே இல்ல, அன்னிக்குப் பிரி."

வந்தவள் அக்காவின் தோளில் ஒரு நிமிஷம் முகத்தைப் புதைத்தாள். அப்புறம் ஜீப் கிளம்பிப் போனது.

அக்கா திரும்பி வந்து காலி அலமாரியைத் துணியால் துடைத்தாள்.

"வர்றவங்களுக்கு இதைத் தர மாட்டேன்மா. இப்படிப் போறவங்களுக்குத்தான். அடுத்த வாரம் புதுசு வாங்கி அடுக்கிடுவேன்." துணியை உதறினாள். "இப்பச் சொல்லு. உனக்கு எடுத்து வைக்கட்டுமா?"

மெக்கானிக் மனைவி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். நெளிந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். குக்கரை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மாமியாருக்கு இதுலதான்கா சமையல்."

வாசல்வரை போனவள் நின்றாள்.

"அக்கா... இனிமே அந்தப் பூட்டுக்கு எண்ணெயே விடாதீங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.