மேஸ்திரி போட்ட கோடு

டிணுக்கென்று ஒரு சத்தம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரதன் மேஸ்திரி, கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். போல்ட் ஒடிகிற சத்தம் அவருக்கா தெரியாது?

ராயபுரம் ஐஸ் கம்பெனியின் எஞ்சின் கொட்டகையில், டீசல் எஞ்சினின் மூடியான ஹெட்டுக்கு மேல் குனிந்தபடி நின்றிருந்தான் ஃபிட்டர் லோகநாதன். கையில் ஸ்பானர். ஸ்பானரின் வாயில் ஒடிந்த போல்ட்டின் தலை.

"இன்னாடா பண்ணிகினு கீற?"

"ஒரு இழுப்பு இழுத்துப் பாத்தேன் மேஸ்திரி. பழைய போல்ட்டு, பூடுச்சு."

"நான் முறுக்கிக் கோடு போட்டுட்டுப் போனதை உன்னை யாருடா தொடச் சொன்னது?"

லோகநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

கோடு என்பது அந்தக் கொட்டகையின் சட்டம். ஹெட் போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம் என்று காட்ட, சீமையில் முள் வைத்த ஸ்பானரே இருக்கிறதாம். சுதந்திரம் வந்த வருஷம் கப்பலில் எஞ்சின் வந்தது, அந்த ஸ்பானர் வரவில்லை. அதனால் இங்கே மேஸ்திரியின் கைதான் முள். போதும் என்று கை சொன்னதும் நிறுத்தி, போல்ட்டின் தலையிலிருந்து ஹெட் வரைக்கும் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். அதற்கப்புறம் யாராவது திருகினால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். சாக்பீஸ் அவர் மடியில் மட்டும்தான் இருக்கும்.

இந்த மாதத்தில் இது இரண்டாவது போல்ட். வரதனுக்குப் பொறுமை போய்விட்டது. நேராக முதலாளி தவசிமுத்துவிடம் போய் நின்றார்.

"அண்ணாச்சி, இந்த வலது கை பெல்ட்டுல மாட்டி நசுங்கின கை. ஆனா இன்னி வரைக்கும் இந்தக் கையால ஒரு போல்ட்டு ஒடிஞ்சதில்ல. இவன் கை முரட்டுக் கை. ஒண்ணு இவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"மீன்காரப் பொம்பளைங்க கூடையோட வாசல்ல நிக்காவ," என்றார் தவசிமுத்து. "பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஐஸ் வேணும். நீரு எப்படிச் சொல்லுதீரோ அப்படி."

லோகநாதனின் மனைவிக்கு ஏழு மாசம் என்பது வரதனுக்குத் தெரியும். மனசு லேசாக உறுத்தத்தான் செய்தது. ஆனால் எஞ்சின் போனால் கம்பெனியே போச்சு.

"கெளம்புடா."

அவன் கெஞ்சவில்லை. வாசல் வரை போனவன் திரும்பினான். "மேஸ்திரி, ஓட்டறதுக்கு முன்னாடி வேற யாரையாவது வுட்டு ஒரு தபா..."

"நீ எனக்கு வேலை சொல்லித் தரியா? போடா."

ஒடிந்த போல்ட்டைக் குடைந்து எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வேறு போல்ட் போட்டு, எல்லாவற்றையும் வரதனே முறுக்கினார். ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். டீக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே காவல் இருந்து, எஞ்சினைக் கிளப்பினார்.

கொஞ்ச நேரம்தான் ஓடியது. ஹெட்டின் இடுக்கில் புஸ்ஸென்று காற்று சீறியது, தண்ணீர் கசிந்தது. உள்ளே காற்றையும் தண்ணீரையும் அடைக்கிற கேஸ்கெட் போய்விட்டது.

வரதன் கோடுகளைப் பார்த்தார். ஒன்றுகூட விலகவில்லை.

"இத்தினி வருசத்துல என் ஹெட்டு ஒரு நாள் கசிஞ்சதில்ல அண்ணாச்சி. அந்தப் பய மரையைக் கெடுத்துட்டுப் போயிருக்கான்."

"அப்ப அவனையே இழுத்துட்டு வாரும்."

காசிமேட்டில் லோகநாதனின் குடிசை வாசலில், அவன் மனைவி சிவந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காக்கிச் சட்டையைக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அது வூட்ல இல்ல மேஸ்திரி. ஹார்பர்ல மூட்டை தூக்க ஆள் எடுக்கறாங்களான்னு பாக்கப் போய்க்கீது."

அவளிடம் என்னவென்று கோபிப்பது? வரதன் திரும்பிப் போகப் பார்த்தார். அப்போதுதான் துவைக்கிற கல்லின் ஓரத்தில் அது கண்ணில் பட்டது. விரல் நீளத்துக்கு ஒரு சாக்பீஸ்.

"இது ஏது?"

"அத ஏன் கேக்கற. தெனம் பாக்கெட்டுல இதை வெச்சுகினுதான் வருது. சட்டையெல்லாம் வெள்ளை. கையெழுத்துப் போடத் தெரியாத ஆளுக்கு சாக்பீஸ் இன்னாத்துக்குன்னு நீயே கேளு மேஸ்திரி."

வரதன் அதைக் கையில் எடுத்தார்.

தினமும் கோடு போட்டுவிட்டு அவர் டீக்குப் போவார். திரும்பி வரும்போது கோடு நேராக இருக்கும். எஞ்சின் கசியாமல் ஓடும். தன் கைக்குத் தானே சபாஷ் சொல்லிக்கொள்வார். போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி, விலகின கோட்டை அழித்துவிட்டு, இன்னொருவன் புதுக் கோடு போட முடியும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. காலையில் வாசலில் நின்று அவன் சொல்ல வந்தது என்ன என்று இப்போது விளங்கியது. அவமானத்தில் காது சுட்டது.

"அவன் வந்தா அனுப்பும்மா," என்றார். "ஹெட்டு அவனுக்காகக் காத்துகினு கீதுன்னு சொல்லு. அண்ணாச்சிகிட்ட நடந்ததை நான் சொல்லிக்கிறேன்."

"அது கை முரட்டுக் கை, போல்ட்டை ஒடிச்சிடுதுன்னு தொரத்திட்டியாமே மேஸ்திரி?"

வரதன் நடந்தார். தெருமுனை திரும்பியதும், அந்தச் சாக்பீஸை வலது கை விரல்களுக்கு நடுவே வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

சாக்பீஸ் ஒடியவில்லை.