உள்ளே ஒரு ஊசி

“அந்தப் போர்வைய யாருக்கும் குடுத்துடாதீங்க. உள்ள ஊசி இருக்கு.”

முதல் பரிசு வாங்கியவள் பேசுகிற பேச்சா இது? கேடயத்தைக் கையில் வாங்கி முழுசாக ஒரு நிமிடம் ஆகவில்லை. வெள்ளைக் கையுறையோடு போர்வையை மடித்துக்கொண்டிருந்த நடுவர் அம்மாள் அப்படியே நிறுத்தினார்.

வட்டார ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சியில் ஒரு வழக்கம் உண்டு. கேடயமும் கைதட்டலும் தைத்தவருக்கு. முதல் பரிசுப் போர்வை மட்டும் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், ஏதோ ஒரு கட்டிலில் ஏதோ ஒரு பிள்ளை போர்த்திக்கொள்ள.

இந்த நிபந்தனைக்குத் தலையாட்டியது அவள் இல்லை, அவள் கணவர். ஊரில் பூட்டுக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். மனைவிக்குத் தெரியாமல் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்து போட்டியில் சேர்த்தார். அவளை அசத்தப் பார்த்தவர், இப்போது அவரே முழித்துக்கொண்டு நின்றார்.

“தைக்கும்போது விட்டுட்டீங்களாம்மா?” என்றார் நடுவர்.

“ஆமா. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நடுவுல எங்கியோ இருக்கு. நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்.”

“மேடம், இவ சொல்றதக் கேக்காதீங்க,” பூட்டுக்காரர் குறுக்கே வந்தார். “ஊசிய எண்ணி டப்பால போடாம இவ எந்திரிக்கவே மாட்டா. ஒரு தடவ கூட தவறினது கிடையாது.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

“சும்மா இருந்தா மானம் போகுதே.”

நடுவர் போர்வையை நீள மேஜையில் விரித்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, ஓரத்திலிருந்து அழுத்தித் தடவிக்கொண்டே வந்தார். அவர் கை போன பக்கமெல்லாம் அவள் கண்ணும் போனது. நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றபோது, “மெதுவாங்க” என்றாள்.

“இங்க ஒரு கட்டி இருக்கு. ஆனா ஊசி இல்லம்மா, பஞ்சு உருண்டிருக்கு. இதுக்காக மார்க் கூடக் குறைச்சேன். அப்படியும் நீங்கதான் ஜெயிச்சீங்க.”

அவள் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நடுவருக்கு இது புதிதல்ல.

“போன வருஷம் ஜெயிச்சவங்க எலி கடிச்சிருச்சுன்னாங்க. கண்ணு நோகத் தச்சதக் குடுக்க யாருக்குத்தான் மனசு வரும்? ஊசி இருக்குன்னா இந்த நிமிஷமே உங்க கையில குடுத்துருவேன், ரெண்டாவது பரிசுப் போர்வை ஆஸ்பத்திரிக்குப் போயிடும். இல்லாத ஊசிக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?”

“வேற தச்சுத் தர்றேன். ரெண்டு வேணும்னாலும் தர்றேன். இது மட்டும் வேண்டாம்.”

“ஏன்னு சொல்லுங்களேன்.”

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பாவம், அவளால் வேறு என்ன செய்ய முடியும்?

பூட்டுக்காரர் நடுவரைத் தள்ளி அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நெனைக்காதீங்க மேடம். எங்க பையன் தவறிட்டான். ஒரே பையன். பாத்துப் பாத்து அழுவாளேன்னு அவனோட சாமானையெல்லாம் நானே மூட்ட கட்டி யாருக்கோ குடுத்துட்டேன். ஒரு சட்டை கூட வைக்கல. அன்னிக்கு ஒக்காந்தவதான், இந்தப் போர்வையவே தச்சுக்கிட்டுக் கெடந்தா. வெளிய நாலு பேரு பாராட்டினா மனசு மாறும்னு நெனச்சேன். அது இப்படி ஆயிடுச்சு.”

நடுவருக்கும் மனசு இளகிவிட்டது. ஆனாலும் விதி விதிதானே. வாசலில் ஆஸ்பத்திரி வண்டி வேறு வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“நீங்களே ஒரு தடவ தடவிப் பாத்துச் சொல்லுங்க சார். பூட்டுக்குள்ள இருக்கிறதையே விரலால கண்டுபிடிக்கிறவரு நீங்க. நீங்க இல்லேன்னுட்டா அவங்களும் சமாதானம் ஆயிடுவாங்க.”

“நீங்க பாக்க வேண்டாங்க,” என்றாள் அவள்.

“ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும், பேசாம இரு,” என்று சலித்துக்கொண்டே பூட்டுக்காரர் போர்வையில் கை வைத்தார். ஓரம் சுத்தமாக இருந்தது. மடிப்பும் தையலும் சுத்தம். நடுவில் அந்தக் கட்டிக்கு வந்தார்.

அழுத்தினார். மறுபடி அழுத்தினார். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அது பஞ்சு இல்லை. துணியில் போட்ட முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிய முடிச்சு. சுற்றிலும் ஒரு சின்னத் துணியின் விளிம்பு, முழம் அகலம்கூட இருக்காது. பையன் தூங்காமல் படுத்தியபோது, கையில் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவனுடைய குட்டிப் போர்வையின் மூலையில் அவரே போட்ட முடிச்சு அது. மூட்டை கட்டிய அன்று அந்தக் குட்டிப் போர்வை அதில் இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். திருட்டில் பிடிபட்டவள் போல அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சார், ஒண்ணுமில்லதானே? வண்டில ஏத்திடலாமா?” என்றார் நடுவர்.

பூட்டுக்காரர் வெடுக்கென்று கையை இழுத்து, விரலை வாயில் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“ஊசி இருக்குங்க. நல்லாக் குத்திருச்சு.”